ஆக்கி வைத்த பக்கம்

தங்கள் மாதிரி பரிசோதனையில் உள்ளது, முடிவு இன்னும் தயாராகவில்லை என்கிறது பக்கம். நாலரை மணிக்கும் இதையேதான் சொன்னது. ஏழரை வரைக்கும் இதையேதான் சொல்லும். எனக்குத் தெரியும், சொல்ல வைத்தவளே நான்தானே. அந்த லேப்புக்கு ரிப்போர்ட் பார்க்கிற பக்கத்தைக் கட்டிக்கொடுத்தது எங்கள் கம்பெனி, கம்பெனி என்றால் கோமதிநாயகம் அண்ணனும் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு மொட்டைமாடி அறையும். 'தங்கள்' என்று போட்டதுகூட நான்தான், 'உங்கள்' போதுமே ஃபெபி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற என்றார் அண்ணன், நான் விடவில்லை, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்களிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினால் என்ன குறைந்துவிடும். அப்போது ஏழு மாதம், வயிறு மேசையில் இடிக்கும். இப்போது அந்த வயிற்றுக்குள் இருந்தது என் இடது பக்கம் துணிக்குள் கிடக்கிறது, ஒன்பது நாள் ஆன ஒரு மனுஷி, பேர்கூட இன்னும் வைக்கவில்லை, ஞானஸ்நானத்துக்கு அவர் வீட்டில் ஒரு பேரும் எங்கள் வீட்டில் ஒரு பேரும் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், புறங்கையில் காலையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும், பிளாஸ்திரி அவள் கையைவிடப் பெரிசு. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றி எடுத்தார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கிறதுதான், நான் கவனிக்கக்கூட இல்லை, அப்புறம் நேற்று போன் வந்தது, தைராய்டு கொஞ்சம் கூடுதலா காட்டுது, மறுபடி ஒரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணணும். டாக்டர் மேகலா சுற்றி வளைக்கவில்லை. இருந்தா ஒரு மாத்திரைதாம்மா, தினம் ஒண்ணு, பிள்ள எல்லாப் பிள்ளையும் மாதிரி ஓடி ஆடி வளரும், தள்ளிப்போட்டாதான் மூளை வளர்ச்சிக்கு ஆபத்து, ரிப்போர்ட் சாயங்காலம் ஏறிடும், பார்த்த உடனே எனக்கு அடிங்க, ஏழு மணி வரைக்கும் இருப்பேன், நாளைக்கு ஞாயிறு, விட்டா திங்கள்தான். விட்டா திங்கள்தான். இப்போது ஐந்தே முக்கால். கட்டைவிரல் போய் மறுபடி அமுக்குகிறது. தங்கள் மாதிரி பரிசோதனையில் உள்ளது.

பக்கம் என்று ஒன்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது, நாம் கேட்டதும் எடுத்து நீட்டுகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அவர்கூட அப்படித்தான் நினைக்கிறார், ஐந்து வருஷமாக நான் இந்த வேலை பார்க்கிறேன், கட்டிக்கொண்டவருக்கே விளங்க வைக்க முடியவில்லை. பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. கேட்கிற வரைக்கும் இல்லை. கேட்ட பிறகுதான் சமைக்கிறார்கள். போர்டிங்கில் எங்களுக்கு சிஸ்டர் கன்சலாத்தா இருந்தார், வாசல் பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதில் கம்பி, மணி அடித்தால் ஜன்னல் திறக்கும். யாரு? ஃபெபியோலா, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு சிஸ்டர். என்ன வேணும்? அம்மா அனுப்பின பார்சல் சிஸ்டர். ஜன்னல் மூடும், உள்ளே போவார், அலமாரி திறக்கிற சத்தம், திரும்பி வருவார், பார்சல் வரும், ஜன்னல் மூடும். ஐயோ கடிதத்தை வாங்கவில்லையே என்று அந்த நிமிஷமே திரும்பி மணி அடித்தால் அதே முகம், அதே கண்ணாடி, யாரு? பழிவாங்குகிறார் என்று நினைத்தோம், மறதி என்று நினைத்தோம், சாலி என்கிறவள் அது ரெட்டைப் பிள்ளைகளில் இன்னொருத்தி என்றுகூடச் சொன்னாள். அப்புறம் எங்களுக்கு நம்பர் போட்ட மரச்சில்லு கொடுத்தார்கள், அதைக் காட்டினால் பேர் கேட்கமாட்டார், சில்லைப் பார்ப்பார், உள்ளே அந்த நம்பரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான், அப்போதும் முகம் ஞாபகம் இருக்காது. கல்லூரியில் சர்வர் என்று முதல்நாள் பாடம் எடுத்தபோது எனக்கு வேறு யாருமே ஞாபகம் வரவில்லை. வகுப்பே முழித்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் சிரிப்பு. போனில் நான் அமுக்குகிறேன், எங்கேயோ ஒரு மிஷினில் மணி அடிக்கிறது, ஜன்னல் திறக்கிறது, கேட்டது சும்மா ஒரு படமோ எழுத்தோ என்றால் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே நீட்டிவிடும், ஆளைப் பொறுத்து மாறுகிற பக்கம் என்றால் அதற்கென்று இருக்கிற ஒருத்தியை எழுப்பும், இந்தா, இதைச் செய்து கொடு. அவள் நான் எழுதி வைத்ததை மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வருவாள். அப்படியே அனுப்பு என்றிருந்தால் அப்படியே அனுப்புவாள், லேப்பின் பெயர், நீல நிறப் பட்டை, அதெல்லாம். இங்கே நின்று செய் என்று குறி போட்டிருந்தால் நிற்பாள், செய்வாள், சில்லைப் பார்ப்பாள், உள்ளே கிடங்கில் போய் இந்த மாதிரியின் எண்ணுக்கு என்ன பதில் இருக்கிறது என்று கேட்பாள், வருவதை வாங்கி அந்த இடத்தில் எழுதுவாள், அடுத்த வரிக்குப் போவாள். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது, அதுதான் எனக்கு அவளிடம் ரொம்பப் பிடித்தது. எனக்கு அந்தப் பொறுமை வராது, போர்டிங்கில் கடிதம் வந்தால் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன், எல்லாரும் சுகம் என்று இருந்தால்தான் மேலே போய் 'அன்புள்ள' என்று ஆரம்பிப்பேன். அவள் அப்படியில்லை. முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு இல்லாமலே போய்விடுவாள். யாருக்குச் செய்தாள், என்ன எழுதினாள், நல்ல செய்தியா கெட்ட செய்தியா, எதுவும் மிச்சம் இருக்காது. அடுத்த மணிக்கு எழும்புகிறவள் புத்தம் புதியவள். என் கையில் வந்து நிற்கிற பக்கத்தில் அவள் வேலை செய்த தடம்கூட இருக்காது, வெறும் எழுத்துதான். இத்தனையும் நான் கண்ணிமைக்கிற நேரத்துக்குள். எனக்கு இதில் ஒரு கர்வம் உண்டு, சொன்னால் என்ன.

போன் அதிர்கிறது, அவர்தான். என் வீட்டுக்காரர் கிளாட்வின், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், கேபினில் உட்கார்ந்துகொண்டு போன் பேசக்கூடாது, கீழே இறங்கியிருக்கிறார் போல, காற்று இரைகிறது. "வந்துட்டா?" "இன்னும் இல்லங்க." "நானும் இங்கேருந்து அமுக்கிட்டேதான் இருக்கேன் ஃபெபி, அதே தங்கள் மாதிரி, தங்கள் மாதிரின்னு கிளிப்பிள்ள கணக்கா சொல்லுது." "அப்படித்தான் சொல்லும்." "நீ கட்டின பக்கம்தானே? உனக்குக்கூடவா சொல்லாது?" விளையாட்டாகத்தான் கேட்டார், குரல் விளையாட்டாக இல்லை. "ஆறுக்கு மாத்த ஆள் வந்துருவான், நேரா வந்துர்றேன், நீ அழாத." "நான் அழல." நான் அழவில்லைதான். அவர் அமுக்குகிறார், நான் அமுக்குகிறேன், இரண்டு பேருக்கும் வருவது ஒரே பக்கம், ஏனென்றால் இரண்டு பேருக்கும் யாரும் சமைக்கவில்லை. இதை நான்தான் வைத்தேன். ஆரம்பத்தில் சாயங்காலம் ஆனால் போதும், அந்த மிஷின் படுத்துவிடும். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற ஜனங்கள் சும்மா இருப்பார்களா, ஒருத்தர் நூறு தடவை அமுக்குவார், ஒவ்வொரு தடவையும் ஒருத்தியை எழுப்ப வேண்டும், அவள் கிடங்குக்கு ஓட வேண்டும், இன்னும் இல்லை என்ற அதே பதிலை வாங்கிக்கொண்டு வர வேண்டும், எழும்புகிறவர்கள் கூடிக் கூடி வாசலில் முட்டிக்கொண்டு ஒருத்தியும் நகர முடியாது, ரிப்போர்ட் தயாராகிவிட்டவர்களுக்குக்கூட வெள்ளைத் திரைதான். அப்போதுதான் சொன்னேன், அண்ணே, தயாராகலன்னு ஒரு தடவை ஆக்கின பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம், ஆக்கி மூடி வச்சிருவோம், மூணு மணி நேரத்துக்கு யார் கேட்டாலும் அதையே எடுத்துக் குடுக்கட்டும், யாரையும் எழுப்ப வேண்டாம். மூணு மணி நேரம் சாஸ்தியில்லையாம்மா என்றார், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிறவங்களுக்கு மூணு மணி நேரத்தில் என்ன ஆயிரும்ணே என்றேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து மிஷின் படுக்கவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், சரியான வேலை அது, ஊரே அமுக்குகிறபோதும் மிஷின் படுக்காமல் நிற்கிறதே, அதற்குக் காரணம் அது. நாலரைக்கு நான் முதல் தடவை கேட்டபோது ஒருத்தி எழுந்து ஓடி, இல்லை என்று வாங்கி வந்து ஆக்கினாள், அந்தப் பக்கம் மூடி வைக்கப்பட்டது, அதைத்தான் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்கள் தட்டில் வைக்கிறது. உள்ளே கிடங்கில் இந்நேரம் பதில் ஏறியிருக்கும். ஏறியிருக்காமலும் இருக்கலாம். மூடி வைத்த பக்கத்துக்கு அது தெரியாது.

ஆனால் எனக்கு வழி தெரியும். நாலரையிலிருந்தே தெரியும். சோதித்துப் பார்க்கிறவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாதே, அதனால் முகவரியின் வால்பக்கம் ஒரு சொல்லைச் சேர்த்தால் மூடி வைத்ததைத் தொடாமல் புதிதாக ஆக்கச் சொல்லும்படி ஒரு பின்வாசல் வைத்திருக்கிறேன், எல்லாரும் வைப்பார்கள், வைக்காதவர்கள் வேலை தெரியாதவர்கள். என்ன சொல் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. அந்த மாதம் முழுக்க எனக்கு மக்ரூன் மேல்தான் ஆசை, நம் ஊர் முந்திரி மக்ரூன், வாயில் போட்டால் கரைந்து இல்லாமலே போகிறது, அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது நூறு கிராம் பொட்டலம் வாங்கி வருவார், விடிவதற்குள் தீர்ந்திருக்கும், அதனால் உள்ளே இருந்ததற்கு மக்ரூன் என்றே பேர் வைத்திருந்தேன், அவருக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் துறைமுகம் முழுக்கச் சொல்வார். அந்தச் சொல்லைத்தான் வைத்தேன். எட்டு எழுத்துகூட வராது. அடித்தால் போதும். அடிக்காமல் ஒண்ணேகால் மணி நேரமாக வாலில்லாத முகவரியை அமுக்கிக்கொண்டிருக்கிறேன், வராது என்று தெரிந்த கதவைத் தட்டிக்கொண்டு. அம்மா உள்ளே வருகிறாள், பூண்டு வதக்கின வாசம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. "பிள்ள பெத்த பச்ச உடம்புக்காரி போனப் போட்டு இப்படி நோண்டினா கண்ணு அவிஞ்சிரும் கேட்டியா, அதைக் கீழ வை." "ரிப்போர்ட் பார்க்கேன்மா." "என்ன பெரிய ரிப்போர்ட்டு, நம்ம எல்சிக்கு தைராய்டு இல்லையா, அவ என்ன சோறு திங்காமலா கிடக்கா, வீட்டு வாசல் கொள்ளாது அவள." சிரித்துவிட்டேன், எல்சி அத்தையை நினைத்து. அம்மா குனிந்து பிள்ளையைப் பார்க்கிறாள். "இவள மாதிரி சாதுப் பிள்ளைய நான் பார்க்கவே இல்லட்டி. நீ பொறந்தப்போ இந்தத் தெருவே முழிச்சிக் கிடந்துச்சு." வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள், என்ன சாது, சத்தமே இல்ல, பாலுக்குக்கூட அழமாட்டேங்கா, குடுத்து வச்சவ நீ. நேற்று வரைக்கும் அது எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் போனில் கேட்ட மூன்றாவது கேள்வி, பிள்ளை ரொம்பத் தூங்குதா, அதிகம் அழுறதில்லையா. அதற்கப்புறம் இந்த அமைதியைக் கேட்க முடியவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு இருக்கிறது, வெதுவெதுவென்று இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். இல்லை, சொல்லத் தயாராக ஒருத்தி இருக்கிறாள், எழுப்பினால் போதும், நான்தான் எழுப்பவில்லை. தயாராகவில்லை என்கிற இந்தப் பக்கம் நல்ல பக்கம். இதில் என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இதை இப்படியே பிடித்துக்கொண்டு ஏழரை வரைக்கும் இருந்துவிடலாம், ஏழரைக்கு அதுவாகவே மூடி திறக்கும், அப்போது பார்த்தால் என் தப்பு இல்லை, மிஷின் சொல்லவில்லை டாக்டர் என்று திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு அழகாக யோசிக்கிறாய் ஃபெபியோலா. காலையில் லேப்பில் பக்கத்து நாற்காலியில் மஞ்சள் சுடிதாரில் ஒருத்தி இருந்தாள், அவள் பிள்ளைக்கும் இதே பரிசோதனை, உங்க பிள்ளைக்கும் கூடுதலா இருக்குன்னாங்களாக்கா என்று கேட்டாள், நான் ஆமாம் என்றேன், சாயங்காலம் போன்லயே வந்துருமாமே என்றாள், ஆமாம், வந்துரும், பக்கம் நல்லா வேலை செய்யும் என்று நான் சொன்னேன், அடக்கமில்லாமல். அவளும் இப்போது எங்கேயோ உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்வாசல் தெரியாது. அவள் டாக்டரும் ஏழு மணிக்குப் போய்விடுவாராக இருக்கும். அவள் தெரியாமல் காத்திருக்கிறாள், நான் தெரிந்துகொண்டு காத்திருக்கிறேன், நான் காத்திருக்கவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

மாதா கோயிலில் மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கிறது. ஆறு. அம்மா அடுக்களையில் கரண்டியை வைத்துவிட்டு முணுமுணுக்கிற சத்தம், போர்டிங்கில் இந்த மணி கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிற்போம், நடக்கிற கால்கூட நிற்கும். மணி நின்றதும் நான் முகவரியைத் தொட்டேன், வாலில் மக்ரூன் என்று அடித்தேன், ஒரு எழுத்து தப்பாகிவிட்டது, அழித்து மறுபடி அடித்தேன். அனுப்பு. திரையின் மேலே அந்த நீலக் கோடு ஓடுகிறது. மணி அடித்துவிட்டது, ஜன்னல் திறந்துவிட்டது, யாரு, சில்லைப் பார்க்கிறாள், எழுந்துவிட்டாள், என் முதல் வரியைப் படிக்கிறாள், அவள் கை நடுங்காது, கிடங்குக்குப் போகிறாள், கேட்கிறாள். நான் உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை கடைசி வரிக்கு ஓடக்கூடாது, அவள் மாதிரிப் படிக்கணும், ஒவ்வொரு வரியாக, அடுத்தது என்ன என்று கேட்காமல். கையைக் கொஞ்சம் இறக்கினேன். லேப்பின் பெயர். நீலப் பட்டை. குழந்தை, தாய் பெயர் ஃபெபியோலா. வயது ஒன்பது நாள். பெண். மாதிரி இன்று காலை எடுக்கப்பட்டது. இன்னும் இறக்கினேன். முடிவு தயார். டி.எஸ்.எச்., தைராய்டுக்குப் பார்க்கிறது, அதற்கு நேராக ஒரு எண், அறுபத்தெட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு, அது எவ்வளவோ கீழே. எண் சிவப்பாக இருந்தது. அளவைத் தாண்டினால் சிவப்பாகக் காட்டு என்று எழுதினவளும் நான்தான், கச்சிதமாக வேலை செய்கிறது. மேலும் ஒரு வரி இருந்தது, அதையும் படித்தேன், அதுவும் சிவப்பு. அப்புறம் வரி இல்லை, பக்கம் முடிந்துவிட்டது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள், நான் மட்டும் இருக்கிறேன். ஏதோ ஒன்று இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. பிள்ளை அதே மாதிரி கிடக்கிறது, அதே பிளாஸ்திரி, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருந்த அதே பிள்ளை, இந்த எண் அவளுக்குள் முன்னாலேயே இருந்தது, நான் பார்க்காததால் இல்லாமல் போகவில்லை. டாக்டருக்கு அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தார், எண்ணைச் சொன்னேன், இரண்டாவதையும் சொன்னேன், குரல் எனக்கே கேட்கும்படி தெளிவாக இருந்தது. "சரிம்மா. நல்லவேளை இப்பவே பார்த்தீங்க. ஏழுக்குள்ள தூக்கிட்டு வாங்க, மாத்திரைய எப்படிப் பொடிச்சு உங்க பால்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடுக்கணும்னு காட்டித் தர்றேன், இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம். பயப்படாதீங்க." "பயமாத்தான் இருக்கு டாக்டர். வர்றேன்." அவருக்கு அடித்தேன். "வந்துட்டா?" "வந்துட்டு. இருக்கு." "இருக்குன்னா?" "இருக்குங்க. மாத்திரையும் இருக்கு. வீட்டுக்கு வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட வந்துருங்க, நானும் அம்மாவும் ஆட்டோவுல வந்துர்றோம்." "எனக்கு இன்னும் அதே தங்கள் மாதிரிதான ஃபெபி காட்டுது." "உங்களுக்கு வராது" என்றேன்.

ஆட்டோவில் ஏறினதும் கோமதி அண்ணனைக் கூப்பிட்டேன். பிள்ளை மடியில், அம்மா என் காதில் முக்காட்டை இழுத்து இழுத்து விடுகிறாள், காற்று ஏறிருமாம். "என்னம்மா ஃபெபி, பிள்ள பெத்தவ ரெஸ்ட் எடுக்காம என்ன போனு?" "அண்ணே, நம்ம லேப்பு பக்கத்துல குழந்தைங்க ரிப்போர்ட்டுக்கு மட்டும் அந்த மூணு மணி நேரத்த எடுத்துவிட்ருங்க. மத்தவங்களுக்கு இருக்கட்டும். வயசு ஒரு மாசத்துக்குக் கீழன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா ஆக்கட்டும். எத்தனை பேர் இருக்கப்போறாங்க, மிஷின் தாங்கும்." "இப்பவேவா?" "இப்பவே." "ஒத்தக்கால்ல நின்னு வச்சவளே நீதானம்மா. ஏன், யாரும் புகார் குடுத்தாங்களா?" உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகிறது, வெள்ளையாக வழிந்துகொண்டு. "ஒரு அம்மா குடுத்தாங்கண்ணே." அவர் தட்டுகிற சத்தம் கேட்கிறது, படபடவென்று, அவர் அடித்தால் கட்டை உடைகிற மாதிரிதான் அடிப்பார். "ஒரே ஒரு வரிதான், இந்தா போட்டாச்சு, போ." நான் பிள்ளையின் உள்ளங்காலில் விரலால் சுண்டினேன், பாலுக்கு நேரமாகிவிட்டது, எழும்பு மக்ரூன், என்ன சாது நீ, இனிமே சாதுவா இருந்தா நடக்காது. முகத்தைச் சுளித்தாள். அம்மா யாருட்டி மக்ரூன் என்றாள். அதற்குள் மடியில் போன் மினுங்கியது, கிளாட்வின்தான், எனக்கும் இப்ப வந்துட்டு ஃபெபி, சிவப்பா காட்டுது, வந்துக்கிட்டே இருக்கேன். மஞ்சள் சுடிதாருக்கும் வந்திருக்கும்.